இருபத்தெட்டு ஞாயிறுகள்

சென்னை
12 ஜூன் 1928

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் அப்படி இல்லை என்று அண்ணி எழுதியிருக்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறதாம், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். இதைத் தை மாதமே எனக்கு எழுதியிருக்கலாம்.

அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறது. அதற்குள் புறப்பட்டு வாருங்கள். இங்கே எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். தனி மனுஷியாக இரண்டு அறை வைத்திருக்கிறேன். ஒன்றில் நீங்களும் அண்ணியும் தாராளமாகத் தங்கலாம். ஆம்பூரிலிருந்து பகல் வண்டியில் ஏறினால் சாயங்காலம் வந்துவிடலாம்.

தோல் டேனரிக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சுண்ணாம்புக் குழி மேஸ்திரியாக முப்பத்தைந்து வருஷம் நின்ற கால்கள், வீங்காமல் என்ன செய்யும்?

அண்ணிக்கு என் அன்பு. உடனே பதில் போடுங்கள்.

தங்கை,
பொன்மலர்


ஆம்பூர்
20 ஜூன் 1928

கர்த்தருக்குள் பிரியமான தங்கை பொன்மலருக்கு,

தேவகிருபையால் இந்த நிமிஷம்வரை மூச்சு ஓடுகிறது. உனக்கு இருமல் நின்றதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வேலூர் டாக்டர் பார்த்துவிட்டார். பழைய தோல் பை தண்ணீரைத் தாங்காது, கசியும். என் இருதயம் அப்படி ஆகிவிட்டதாம். அவர் அதைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "டாக்டர் ஐயா, நான் போகிற ஊர் எனக்குத் தெரியும், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றேன். நிஜம்தான் அம்மா. ஸ்டேஷனில் மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு வண்டி எப்போது வரும் என்பதுதான் கேள்வி, எங்கே போகும் என்பது கேள்வியில்லை. ஆகவே சென்னைக்கு வரவில்லை.

ஒரே ஒரு ஆசை. புறப்படுமுன் கர்த்தருடைய பந்தியில் ஒருமுறை உட்கார வேண்டும். 1909-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் டேனரி வேலைக்குப் போனேன் என்று சபை தன் புத்தகத்திலிருந்து என் பெயரை அடித்தது உனக்குத் தெரியும். அன்றுமுதல் ஆராதனைக்குப் போகிறேன், கடைசிப் பாயில் உட்காருகிறேன், ரொட்டியும் ரசமும் கொடுக்கிற பந்தி நேரத்தில் எழுந்து வெளியே புங்கமரத்தடியில் நிற்கிறேன். பத்தொன்பது வருஷம்.

புதுப் போதகர் ஐசக் நல்ல பிள்ளை. வீட்டுக்கே வந்தார். "சபைக்கு முன் எழுந்து நின்று, அந்த ஞாயிறுகளுக்காக மனஸ்தாபப்படுகிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அன்றைக்கே பந்தியில் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியாது.

உன் அண்ணி உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
தேவசகாயம்


சென்னை
2 ஜூலை 1928

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. என் இருமல் போய்விட்டது. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

நான் ஜெபம் செய்வதை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதை உங்களிடம் மறைத்ததில்லை, நீங்களும் அதற்காக என்னைக் கடிந்ததில்லை. ஆகவே வெளியே நிற்கிறவளாகவே கேட்கிறேன். ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாய்த் திராட்சைரசம். நீங்கள் நம்புகிற தேவன் ஆம்பூர்ச் சபைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் உங்களை உள்ளே விடுவாரா? அப்படியானால் அவரைப் பற்றி என் அபிப்பிராயம் சரிதான். அப்படி இல்லையென்றால் இந்த ஆசை எதற்கு?

ஆசை உண்டு என்றால், ஒரு வாக்கியம்தானே, சொல்லிவிடுங்கள். மனிதர்கள் தினமும் இதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லிவிட்டுத் தூங்குகிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் அப்போது ஏன் ஞாயிறு வேலைக்குப் போனீர்கள்? கூடுதல் கூலிக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்தேன். அந்தச் சமயம் உங்களுக்கு ஏதாவது எழுதினேனா, காரணம் கேட்டேனா, ஞாபகமில்லை.

உப்பைக் குறையுங்கள்.

பொன்மலர்


ஆம்பூர்
15 ஜூலை 1928

பிரியமான தங்கைக்கு அநேக ஸ்தோத்திரம்.

வீக்கம் காலையில் குறைகிறது, சாயங்காலம் திரும்பி வருகிறது. டேனரி ஆள் மாதிரி நேரம் தவறுவதில்லை.

நீ கேட்டது நியாயம். அந்த ரொட்டித் துண்டு இல்லாமலே நான் போய்ச் சேருவேன். அதில் எனக்குச் சந்தேகம் இருந்தால் பத்தொன்பது வருஷம் தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் வழியில் கூட நடந்தவர்களோடு ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று இருக்காதா? அவ்வளவுதான் அம்மா. சாப்பிடாமல் போனாலும் ஊர் வந்துவிடும். ஆனாலும் சாப்பிட்டுப் போகலாமே.

பொய் சொல்லிவிட்டு அந்தப் பந்தியில் கை நீட்ட எனக்கு வராது.

ஜியாவுல்லாவை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு குழியில் இருந்த இன்னொரு மேஸ்திரி. தினமும் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து நேரே இங்கே வருகிறான். அவன் மனைவி நசீமுன்னிசா உப்பில்லாத கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். அவன் அதைப் பாதி வழியில் ருசி பார்த்துவிட்டு, "இத்தக் குடிக்கறதுக்கு நீ போய்ச் சேர்றதே மேல்" என்கிறான்.

ஞாயிறு வேலை பற்றிக் கேட்டாய். சுண்ணாம்புக் குழிக்குக் கிழமை தெரியாது. குழியில் போட்ட தோலைத் தினமும் புரட்டாவிட்டால் கெட்டுப்போகும். இதுதான் என் பதில்.

ஆசீர்வாதங்களுடன்,
தேவசகாயம்


ஆம்பூர்
1 ஆகஸ்ட் 1928

என் கண்ணான பொன்மலருக்கு அண்ணி சுகிர்தம் எழுதுவது.

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணனுக்கு இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாதம்தோறும் பந்தி நடக்கிற ஒன்றாம் ஞாயிறு நெருங்கினால் மட்டும் பேச்சுக் குறைகிறது.

அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். நீ கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆனால் குழி பார்க்க ஒரு மேஸ்திரியாவது இருக்கவேண்டும். அதனால் இவரும் ஜியாவுல்லா அண்ணனும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை இவர் குழி பார்ப்பார், அவர் மசூதிக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை அவர் பார்ப்பார், இவர் கோயிலுக்கு வருவார். 1909-ல் முதலாளி மக்பூல் அகமது சாயபு தன் தாயாரை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போனபோது, துணைக்கு ஜியாவுல்லா அண்ணனையும் கூப்பிட்டார். அவருக்கு அதுவே ஆயுசு முழுக்கக் கண்ட கனவு. ஆனால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தால், திரும்பி வரும்போது வேலை இருக்காது. "போய்ட்டு வா, உன் குழியையும் நானே பாத்துக்கறேன்" என்று இவர் சொன்னார். கப்பலில் போய்த் திரும்ப இருபத்தெட்டு ஞாயிறு ஆயிற்று.

சபையார் மூன்று முறை எச்சரித்தார்கள். இவர் காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குத் தெரியும், ஜியாவுல்லா அண்ணன் காதுக்கும் போகும். தன் பயணத்தால் சிநேகிதன் சபையை இழந்தான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்க மாட்டார். போதகரோடு ஏதோ சண்டை என்றுதான் அவர் இன்றுவரை நினைக்கிறார். அந்த ஞாயிறுகளுக்காக வருத்தப்படுகிறேன் என்று இவர் சொன்னால், சிநேகிதனை அனுப்பி வைத்ததற்கே வருத்தப்பட்டதாக ஆகும். அதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது.

இதை யாரிடமும் சொல்லாதே.

அந்த வருஷம் நீ பாளையங்கோட்டையிலிருந்து எழுதிய கடிதம் அவருடைய வேதப்புத்தகத்தின் பின்னட்டைக்குள் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்கிறேன்.

அண்ணி,
சுகிர்தம்


சென்னை
6 ஆகஸ்ட் 1928

மதிப்புக்குரிய போதகர் ஐசக் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. இப்போது எந்தச் சபையையும் சேர்ந்தவள் அல்ல. தேவசகாயத்தின் தங்கை என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

என் அண்ணன் 1909-லும் 1910-லும் இருபத்தெட்டு ஞாயிறுகள் வேலை செய்தது கூலிக்காக அல்ல. ஜியாவுல்லா என்னும் சிநேகிதர் மெக்காவுக்குப் போய்த் திரும்பும்வரை அவர் வேலையைக் காப்பாற்றுவதற்காக. காரணத்தை யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் விரும்பினால் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இது குற்றமென்றால் குற்றம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் எதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதை எனக்கு விளக்குங்கள். அவருக்கு அதிக நாள் இல்லை.

தங்கள் நலத்தை விரும்பும்,
பொன்மலர்


ஆம்பூர்
27 ஆகஸ்ட் 1928

பொன்மலருக்கு,

சுகம்.

போதகர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜியாவுல்லா வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறார். நீதான் விசாரிக்கலாம் என்று எழுதினாயாமே. அவர்மேல் தப்பில்லை.

ஜியாவுல்லா பத்து நாளாக வரவில்லை. கஞ்சியை நசீமுன்னிசா வேறு ஆளிடம் கொடுத்தனுப்புகிறாள். "அவரு யார்கிட்டயும் பேசறதில்ல, தொழுகைப் பாயிலயே உக்காந்திருக்காரு" என்று சொல்லியனுப்பினாள்.

பத்தொன்பது வருஷம் நான் மூடி வைத்ததை நீ ஒரு ஸ்டாம்பு ஒட்டித் திறந்துவிட்டாய். உன் அண்ணி அழுதுகொண்டிருக்கிறாள். அவளைத் திட்டவில்லை.

கொஞ்ச நாள் எழுதாதே.

தேவசகாயம்


சென்னை
20 செப்டம்பர் 1928

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். மூன்று வாரம் எழுதவில்லை. இதற்குமேல் முடியவில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஒன்றை நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற பழக்கம். யாரிடம் நிரூபிக்கிறோம், அது யார் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை. அண்ணியின் நம்பிக்கையை உடைத்துவிட்டேன். போதகருக்கு எழுதியது தப்பு. அதற்காக வருந்துகிறேன். பாருங்கள், அந்த வாக்கியம் எனக்கும் சுலபமாக வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. இந்தக் கடிதத்தில் முடியாது.

மூச்சு எப்படி இருக்கிறது? ஜியாவுல்லா அண்ணன் வந்தாரா?

பொன்மலர்


ஆம்பூர்
1 அக்டோபர் 1928

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைத் தலையணைமேல் சாய்ந்து நானே எழுதுகிறேன். உன்மேல் கோபம் போய்விட்டது. அது தங்குவதற்கு என்னிடம் இப்போது இடம் கம்மி.

நேற்று ஜியாவுல்லா வந்தான். வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை.

"இன்னாப்பா தேவசகாயம், உயிரோடதான் இருக்கியா?"

"நீ வர்றதுக்குள்ள போய்ட்டா மரியாதை இல்லேன்னு இருக்கேன்" என்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லலியே தோஸ்த்" என்றான்.

"சொல்லியிருந்தா நீ கப்பல் ஏறியிருப்பியா?"

"ஏறியிருக்க மாட்டேன். சரி, வந்தப்புறம் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அப்பச் சொன்னா குத்திக்காட்டற மாதிரி."

"என் ஹஜ்ஜு அல்லாகிட்ட கபூல் ஆச்சா இல்லியான்னு கிழவனானப்புறம் யோசிக்க வெச்சுட்டியே! மெக்காக் கெணத்துலருந்து ஜம்ஜம் தண்ணி கொண்டாந்து குடுத்தேன், பேசாம வாங்கிக் குடிச்ச."

"அத்த வேற எங்க சபையில சொல்லிடாதே, இன்னொரு பத்தொன்பது வருஷம் வெளிய நிக்க என் கால்ல தெம்பில்ல" என்றேன். சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். உன் அண்ணி அடுப்பங்கரையில் பாத்திரத்தைப் போட்டுவிட்டாள்.

அப்புறம் அவன் கேட்டான், "மெக்காவுக்குப் போறதுக்கு முன்ன நான் இன்னா பண்ணேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வீடு வீடாகப் போனான். என் வீட்டுக்கும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னிக்கச் சொன்னான்.

"நான் மட்டுமா? முதலாளி மக்பூல் சாயபு குழிக்காரன் ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சு மாஃப் கேட்டாரு. அவரு இன்னா தப்பு பண்ணாரு? பயணம் போறவன் கேக்கணும், அவ்ளோதான். நீ இப்பப் பயணம் போறவன்தானே? ஞாயித்துக்கிழமைக்கு நீ மாஃப் கேக்காதே. பயணத்துக்குக் கேளு."

பொன்மலர், இதை நான் பத்தொன்பது வருஷத்தில் யோசிக்கவில்லை பார். வழி என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறது.

போதகரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்கள் எழுந்து நின்று சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் சபையின் தீர்மானம். மூப்பர் ஜெயகரன் சம்மதிக்கவேண்டும்" என்றார். அன்றைக்கு என் பெயரை அடித்தவர் அந்த ஜெயகரன்தான். எண்பது வயது, இன்னும் தடியைப்போல் விறைப்பு. பார்க்கலாம். வருகிற ஞாயிறு ஏழாம் தேதி, பந்தி.

பயணம் போகிறவன் எல்லாரையும் கேட்கவேண்டும். உன் வீட்டுக்கு நடந்து வர முடியாது, ஆகையால் எழுதுகிறேன். தெரிந்தும் தெரியாமலும் உனக்கு நான் செய்த பிழைகளை மன்னித்துவிடு அம்மா.

உன் அண்ணன்,
தேவசகாயம்


ஆம்பூர்
9 அக்டோபர் 1928

பிரியமான தங்கைக்குச் சந்தோஷத்தோடு எழுதுவது.

நேற்று முழுக்கத் தூங்கினேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜியாவுல்லா ஜட்கா வண்டி கொண்டுவந்து என்னை ஏற்றி, கோயில் வாசல்வரை தாங்கிக்கொண்டு வந்தான். பிரசங்கம் முடிந்ததும் போதகர் என்னைப் பார்த்தார். தூணைப் பிடித்து எழுந்தேன். "நான் ஒரு பயணம் போகிறேன். திரும்பி வருகிற பயணம் இல்லை. தெரிந்தும் தெரியாமலும் உங்களில் யாருக்கு என்ன பிழை செய்திருந்தாலும் மன்னித்து என்னை அனுப்பி வையுங்கள்" என்றேன். அந்த ஞாயிறுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எல்லாரும் ஜெயகரனையே பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து, டேனரியில் தோல் பதனிடப் பட்டை இடிக்கிற எலிசபெத்து, "மாமா, போன வருஷம் என் ஆட்டை அடிச்சீங்களே, அதுக்கும் சேத்துத்தானா?" என்றாள். "அதுக்கும் சேத்துத்தான்" என்றேன். "அப்பச் சரி, போய்ட்டு வாங்க" என்றாள். கோயிலே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜெயகரன் தடியை ஊன்றி எழுந்தார். "தேவசகாயம், உன் பேரை அடிச்ச கை இது. ஏன் போனேன்னு ஒரு வார்த்தை கேக்காம அடிச்சேன். நான் கேக்க வேண்டியதை நீ முந்திக் கேட்டுட்ட" என்றார். கடைசிப் பாய்வரை நடந்து வந்து, என் தோளைப் பிடித்து முன்னால் அழைத்துப்போனார். இரண்டு கிழவர்களில் யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்ல முடியாது.

உட்கார்ந்தேன். வாங்கினேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ரொட்டியைச் சிறிதாக்கிவிட்டார்கள். ஆனாலும் வயிறு நிறைந்தது.

வெளியே வந்தால் புங்கமரத்தடியில், நான் நிற்கிற அதே இடத்தில், ஜியாவுல்லா என் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "எவ்ளோ நேரம்பா உங்க பந்தி! கால் மரத்துப் போச்சு. இதுலயா அத்தினி வருஷம் நின்ன?" என்றான்.

மூட்டை கட்டியாயிற்று அம்மா. வெளிச்சம் இருக்கும்போதே நடக்கிற மாதிரி இருக்கிறது. பயமில்லை.

எல்லாரும் பதில் சொல்லிவிட்டார்கள். உன் பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

தேவசகாயம்


சென்னை
29 அக்டோபர் 1928

அன்புள்ள அண்ணனுக்கு,

வீக்கம் மார்புவரை ஏறிவிட்டதாக அண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் நம்புகிறேன்.

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் ஒரு வரி. நீங்கள் எனக்கு ஒரு பிழையும் செய்ததில்லை. இதை எழுத மூன்று நிமிஷம் போதும். மூன்று வாரம் ஆனது அடுத்ததற்கு.

1909-ல் உங்களுக்கு எழுதினேனா என்பது ஞாபகமில்லை என்று ஜூலையில் எழுதினேன். அது பொய். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "கர்த்தருடைய நாளைக் கூலிக்கு விற்றவரை அண்ணன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறேன்" என்று எழுதினேன். அப்போது நான் நாள் தவறாமல் ஜெபம் செய்தேன். நீங்கள் காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதமே எனக்கு மாங்காய் ஊறுகாய் அனுப்பினீர்கள். பிற்பாடு நான் விசுவாசத்தை விட்டேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதை நீங்கள் வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னபிறகும் வரவில்லை.

மன்னித்துவிடுங்கள். நான் எந்தப் பயணமும் போகவில்லை. தப்புச் செய்தவளாகவே கேட்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஊர் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்கள் சந்தோஷத்துக்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். நீங்களும் அதை விரும்ப மாட்டீர்கள். ஆனால் அப்படி ஓர் ஊர் இருந்தால், நீங்கள் அங்கே போய்ச் சேருவீர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். அதுவரை புறப்படாதீர்கள். மறுநாள் ஒன்றாம் ஞாயிறு. உங்களைக் கோயிலுக்குத் தாங்கிக்கொண்டு போக நானும் வருகிறேன். பந்தி ஆரம்பிக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தப் புங்கமரத்தடியில் எனக்கும் கொஞ்சம் இடம் விடும்படி ஜியாவுல்லா அண்ணனிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் தங்கை,
பொன்மலர்